சோலையப்பன் அன் கோவின் மேல் தட்டுகள்

வாசலில் டிவிஎஸ் ஐம்பதை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பாதி ஏற்றிய ஷட்டருக்கு உள்ளே நின்ற சோலையப்பன் அலமாரியின் மேல் தட்டுகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். அது யாருடைய வண்டி என்று அவருக்குத் தெரியும்.

சண்முகவடிவு குனிந்து உள்ளே வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் புத்தகக் கடை நடத்துகிறவள். சோலையப்பனைவிடப் பத்து வயது சின்னவள், ஆனாலும் அவருக்குக் குரு அவள்தான். ராஜபாளையம் மில்லில் கணக்கை முடித்துக்கொண்டு, அவள் கடையில் பார்சல் கட்டவும் பிரிக்கவும் கற்று, தொழில் பழகியவர் அவர். இன்று காலை அவருடைய சொந்தக் கடை திறப்பு.

“போர்டு ஜோரா இருக்கு. ‘சோலையப்பன் அன் கோ, புத்தக வியாபாரம்.’ அந்த ‘கோ’ யாருண்ணே?”

“பாக்க எடுப்பா இருக்கட்டும்னு போட்டது தாயி.”

அவள் சிரித்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தாள். கண் மட்டத்தில் ஒரு வரிசை புத்தகம். அதற்கு மேல் மூன்று தட்டிலும் காக்கித் தாளில் அட்டை போட்ட தடித்தடியான புத்தகங்கள், இடைவெளியே இல்லாமல். ஒவ்வொன்றின் முதுகிலும் சோலையப்பனின் முத்து முத்தான எழுத்து.

ஸ்டூலில் ஏறி ஒன்றை உருவினாள். கை சட்டென்று கீழே இறங்கியது. தாளுக்குள் செங்கல்.

“‘ஆட்டு வைத்தியம்.’ என்ன விலைண்ணே?”

“தாயி...”

“சொல்லுங்க. முதல் போணி நானே பண்றேன். யாரு எழுதுனது?”

“தலைப்பு மட்டும் நான் எழுதுனது.”

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

“மில்லுல வந்த காசு மர வேலைக்கும் அட்வான்ஸுக்குமே போயிருச்சு. காலித் தட்டைப் பாத்தா ஊரு சிரிக்கும் தாயி. மொத நாளே சிரிச்சுட்டா அப்புறம் எவன் படியேறுவான்? திரும்பி மில்லுக்கும் போக முடியாது. மேல இருக்குறது யாருக்கு எட்டப்போகுதுன்னு நெனச்சேன்.”

“எனக்கு எட்டுச்சே.”

சோலையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “நீங்க ஆரம்பிச்ச அன்னைக்கு உங்க தட்டெல்லாம் நெறஞ்சிருந்துச்சா?”

“நெறஞ்சு வழிஞ்சுது. பூராவும் எனக்குப் புடிச்ச புத்தகம்.”

“அப்புறம்?”

“ரெண்டு மாசம் நானே உக்காந்து படிச்சேன்.”

செங்கல்லை அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அடுத்ததை நீட்டினாள். கல் ஒவ்வொன்றாகக் கை மாறி, கடையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. கட்டடம் கட்டும் இடத்தில் கல் மேலே போகும், இங்கே கீழே வந்தது. கடைசிக் கல் இறங்கியபோது மூன்று தட்டும் வெறிச்சென்று கிடந்தன. எங்கு பார்த்தாலும் சிவப்புத் தூசி. வடிவு ஒரு பழந்துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

சோலையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரை முழுசாக ஏற்றினார்.

ராத்திரி ஷிப்டு முடிந்து போகும் மில்காரப் பெண் ஒருத்தி தூக்குச்சட்டியோடு படியேறினாள். முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அலமாரியை அண்ணாந்து பார்த்தாள்.

“என்னண்ணே, அதுக்குள்ள அம்புட்டும் வித்துப்போச்சா?”

ஆமாம் என்ற சொல் அவருடைய நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேலே வடிவின் கையில் இருந்த துணி அசையாமல் நின்றது.

“இல்லம்மா. இன்னும் வாங்கல.”

“ஓ.” அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அங்க என்ன வைக்கப்போறீங்க?”

இதை யாரும் கேட்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை. ஸ்டூலில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன வைக்கட்டும் தாயி?”

“என்னையப் பாத்து ஏண்ணே கேக்குறீங்க?” என்றாள் வடிவு. “அந்தக்கா முன்னாலதான நிக்குது.”

துணியை உதறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டைத் துடைத்தாள்.