வேலைப் பறித்த புலவர்

கருவைக்கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. வருடச் செலவுக்கு ஊர்ச்சபை சம்மதித்தால்தான் கஜானா திறக்கும். அந்த வருடம் ராஜா உக்கிரசேனர் அன்னப்பறவை வடிவில் ஒரு படகு கேட்டார். சபையோ, "முதலில் ஏரிக்கரையைக் கட்டுங்கள்" என்றது. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. கஜானாவுக்குப் பூட்டு விழுந்தது.

தலைமை அமைச்சரான பிரதானி மங்கைபாகர் ராஜாவின் காதருகே போனார். "இதுதான் சமயம், அரசே! அரண்மனையில் எல்லாம் தண்டச்சோறு. மொத்தமாக விரட்டிவிட்டால் படகுக்கு வழி பிறக்கும்."

ராஜா ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். "நாளை விடிவதற்குள் எல்லோருடைய வேலையும் பறித்துவிடுங்கள்!" என்று கத்தினார்.

"அவைப்புலவர் குழைக்காதரே பறிக்கட்டும்" என்றார் பிரதானி. புலவரை அவருக்கு ஆகாது. அழுகிற சனங்களிடம் அவர் திட்டு வாங்கட்டும் என்று கணக்கு.

செய்தி பரவியது. கொல்லைப்புறத்தில் ஒரே அழுகை. "மக கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு சாமி!" என்று சமையற்கட்டு வடிவம்மை புலவரின் காலில் விழப் போனாள்.

புலவர் சற்று யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "அழாதே தாயே. நாளைக்கு எல்லோரும் வழக்கம்போல வந்துவிடுங்கள். காவல்காரர்கள் மட்டும் இப்போதே என்னோடு வாருங்கள்."

விடிந்தது. ராஜா கொலுமண்டபத்துக்கு வந்தார். வாசலில் காவலன் ஒருவன் இடுப்பில் கைவைத்து, சதிர் நடனம் ஆடப்போகிறவன் மாதிரி நின்றான். இன்னொருவன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலைமேல் வைத்திருந்தான். ஒருவர் கையிலும் வேல் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளாடு வாசலில் நுழைந்தது. "சூ! சூ!" என்றான் காவலன். வெறுங்கைக்கு அது பயப்படுமா? நிதானமாக நடந்துவந்து, சிங்காதனத்து மாலையில் பாதியைத் தின்றது.

"வேல் எல்லாம் எங்கே?" என்று அலறினார் ராஜா.

குழைக்காதர் கைகட்டி நின்றார். "பறித்தாயிற்று, அரசே. உத்தரவுப்படி எல்லோருடைய வேலையும் பறித்து வைக்கோல் கொட்டகையில் போட்டிருக்கிறேன்."

"நான் சொன்னது வேலை, ஐயா!"

"நானும் வேலைத்தானே பறித்தேன்!"

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா, சிரிப்பா, தெரியவில்லை.

"ஏமாற்று வேலை!" என்று பிரதானி துள்ளினார். "அரசர் பறிக்கச் சொன்னது உத்தியோகத்தை... ஐயோ! விடு! விடு!" ஆடு அவர் தலைப்பாகையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தலைப்பாகை சுற்றுச்சுற்றாக அவிழ்ந்தது. அவரும் கூடவே சுற்றினார்.

புலவர் பணிவாகச் சொன்னார்: "அரசே, வேலைப் பறித்ததற்கே ஆடு கொலுவுக்கு வந்துவிட்டது. வேலையைப் பறித்தால் இன்னும் யார் யார் வருவார்களோ!"

ராஜா சிரித்தார். தொடையில் அடித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வேலும் வேண்டும், வேலையும் வேண்டும்! ஒருவரையும் நீக்கக்கூடாது. ஊர்ச்சபையைக் கூப்பிடுங்கள். ஏரிக்கரையே கட்டுவோம்."

அன்றே கஜானா திறந்தது. வடிவம்மை அண்டா நிறையப் பாயசம் வைத்தாள். ராஜா தம் பட்டுச் சால்வையைக் கழற்றிப் புலவருக்குப் போர்த்தினார்.

குழைக்காதர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆடு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.