மூன்றாம் அடிக்குப் பிறகு

“உங்கள் தேர்ப்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது, அம்மா” என்றார் பூதலிங்கப் புலவர்.

ஊரே பாடும் பாட்டு அது. எழுதியவள் செண்பகவடிவு. புலவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் பாட்டுக் கட்டும் வித்தையை அவளிடம்தான் அவர் கற்றுவந்தார்.

“எங்கே?”

“மூன்றாம் அடி முடிந்ததும். ஒரு மூச்சு நேரம் எல்லாரும் வாய்மூடி நிற்கிறார்கள். அங்கே சொல்லே இல்லை.”

“ஆமாம், இல்லை.”

“நான் ஒரு வரி எழுதிவிட்டேன். வடம் பிடிக்கிறவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தாயிற்று. சொக்கிப்போனார்கள். இன்று அதைத்தான் பாடப்போகிறார்கள்.”

செண்பகவடிவு அவரைத் தேர்ச்சக்கரத்தின் அருகே அழைத்துப்போனாள்.

அங்கே மாடக்கண்ணு குந்தியிருந்தார். சக்கரத்தின் முன் முட்டுக்கட்டையைச் செருகித் தேரை நிறுத்துவதும், பிறகு அதை உருவி விடுவதும் அவர் வேலை.

“அண்ணே, இன்னைக்கு முதல் கட்டையைப் புலவர் உருவட்டும்.”

“ஏட்டைப் பிடிக்கிற கையாச்சே, தாயி!” மாடக்கண்ணு சிரித்தார். “கேட்டுக்கிடுங்க புலவரே. மூணு அடி பாடி வடத்தை விறைப்பாக்குவாங்க. அப்புறம் ஒரு மூச்சு, வடம் தொய்யும், கட்டை இளகும். அப்பவே உருவிரணும். நாலாவது அடிக்குத் தேர் உருண்டுரும்.”

புலவர் குந்தினார். செண்பகவடிவு அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு எழுந்தது. முதல் அடி.

இரண்டாம் அடி. சக்கரம் முனகியது.

மூன்றாம் அடி.

புலவர் கட்டையைப் பற்றினார்.

வடம் தொய்யவில்லை. இருநூறு குரல்கள் அவருடைய வரியைப் பாடிக்கொண்டே இழுத்தன.

செண்பகவடிவு அவர் கையை வெடுக்கென்று பறித்தாள்.

கட்டை சக்கரத்தடியில் நொறுங்கியது. தேர் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

புலவர் தம் விரல்களைப் பார்த்தார். ஐந்தும் இருந்தன.

மாடக்கண்ணு புதுக் கட்டையோடு வந்து குந்தினார். அதைச் செருகினார். கையை எடுக்கவில்லை.

“நகருங்க புலவரே, இனி நான் பார்த்துக்கிடுதேன். எதைப் பாடப்போறாங்க? உங்க வரியையா, பழசையா?”

முன்னால் முதல் அடி தொடங்கிவிட்டது.

பாட்டை எடுத்துக்கொடுக்கிறவர்கள் வடத்தின் முனையில் நின்றார்கள். நூறடி தூரம். புலவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினார்.