சடைச்சி கடித்த கடி

எறும்புக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு மாமரத்தின் வேரடியில் கட்டெறும்புகளும் உச்சியில் முசுறு எறும்புகளும் குடியிருந்தன. கட்டெறும்பு கறுப்பு, முசுறு சிவப்பு. கோபத்தில் மட்டும் இரண்டும் ஒரே சாதி.

மேற்குக் கிளையில் மாவுப்பூச்சிகள் கசியவிடும் இனிப்புநீர் யாருக்கு என்று வெகுநாள் தகராறு. ஒருநாள் காலையில் முசுறுகள் திபுதிபுவென்று இறங்கி வந்தன. புற்று வாசலில் காவல் நின்ற முப்பது பேரைக் கொன்று, பத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டன. படைத்தலைவி சடைச்சியின் ஒரே மகள் சின்னியும் அந்தப் பத்தில் ஒருத்தி. "மேற்குக் கிளையை விட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் வரும்" என்று மேலிருந்து சேதி வந்தது.

"இப்பவே ஏறி அடிக்கணும்" என்றாள் சடைச்சி. "இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குவானுங்க. இன்னிக்குக் கிளைம்பான், நாளைக்கு வேரும்பான்."

அவள் சொன்னதில் தப்பில்லை. முப்பது பிணமும் இன்னும் வாசலில்தான் கிடந்தன.

வெளியாரிடம் பேச்சுவார்த்தைக்குப் போகும் மூக்காயி மெல்லச் சொன்னாள். "அடிக்கலாம் சடைச்சி. நம்ம புள்ளைங்க அவனுங்க கூட்டுக்குள்ள இல்ல இருக்கு? மொதல்ல பேசி வாங்குவோம். எறும்பு ஊரக் கல்லே தேயுது, முசுறு மனசு தேயாதா?"

மூக்காயி ஏறினாள். ஐந்து நாள் பேசி, பாதிக் கிளைக்கு ஒப்புக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு இறங்கினாள். வாசல் காவலர்கள் அந்தப் பிள்ளைகள் மேலேயே கடிக்கப் பாய்ந்தார்கள். "அடப்பாவிகளா, நம்ம புள்ளைங்கடா!" என்று மூக்காயி கத்தியிராவிட்டால் கடித்தே இருப்பார்கள். முசுறு வாசம் உடம்பில் ஒட்டிக்கொண்டதாம். எல்லோரும் சிரித்தார்கள். சடைச்சி சிரிக்கவில்லை. வந்த இரண்டில் சின்னி இல்லை.

"மூணு நாள்ல மிச்ச எட்டும் வந்துரும்" என்றாள் மூக்காயி.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்ற சடைச்சி, மறுநாளே படையோடு ஏறினாள்.

முசுறுக் கூடு என்பது இலைகளைச் சேர்த்துத் தைத்த உருண்டை. உள்ளே கும்மிருட்டு. எறும்புப் படைக்குக் கண் எதற்கு? நம் வாசம் என்றால் விடு, வேற்று வாசம் என்றால் கடி. அவ்வளவுதான் அவர்கள் கற்ற சண்டை. சடைச்சி முதல் ஆளாகக் கடித்துக்கொண்டே போனாள். ஒரு மூலையில் ஏதோ ஒன்று அவள் காலை இறுகக் கட்டிக்கொண்டது. முசுறு வாசம். கழுத்தில் ஒரே கடி.

"அம்மா, நான்தான்" என்றது அது.

சண்டையில் கட்டெறும்புகளுக்கே வெற்றி. மேற்குக் கிளை முழுவதும் கிடைத்தது. எட்டுப் பிள்ளைகளில் ஒன்றும் உயிரோடு வரவில்லை. அதில் ஐந்து, முசுறு கடித்துச் சாகவில்லை. பொறுத்திருந்தால் முசுறுகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்குமா? யாருக்குத் தெரியும். மூக்காயிகூடத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சடைச்சி பைத்தியம் பிடித்தவளாக மரத்தை விட்டு இறங்கினாள். எதிரே வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, இரண்டு உணர்கொம்புகளாலும் முகத்தைத் தடவி, "நீ யாரு? யாரு பெத்த புள்ள?" என்று கேட்டாள். பின்னால் வந்த படையும் அப்படியே செய்துகொண்டு வந்தது.

எவ்வளவு அவசரமானாலும், எதிரே வருவதன் முகத்தைத் தொட்டுப் பார்க்காமல் எறும்பு நகராதது அன்று முதல்தான். கடிப்பதா வழிவிடுவதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.