அம்மா கேட்ட ஆறு இலக்கம்

மெய்யம்மை அம்மா வெள்ளிக்கிழமைகளில் பேசமாட்டார். காலையில் குளித்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை மௌனம். பதினோரு வருடங்களில் ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும்.

அவருடைய சீடர் ஆவுடையப்பன் அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்து சேர்ந்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

மடத்தின் வாட்ஸ்அப் குழு ஆவுடையப்பனின் போனில்தான் இருந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர். பூசை எப்போது, சாப்பாட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்பதெல்லாம் அதில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் போனுக்குப் புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. மேலே அம்மாவின் படம் இருந்தது.

"இன்று மௌனம். பேச இயலாது. இது என் புது எண். உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். உடனே எனக்கு அனுப்பவும்."

அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆவுடையப்பன் முற்றத்தில் நின்றார். எண் வந்தது. யாருக்கும் தரக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. குரு எப்படி 'யாரோ' ஆவார் என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் அவரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

அதற்கப்புறம் போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் பேசியவர் சங்கரன்கோவில் உமையாள் டீச்சர்.

"அண்ணாச்சி, அம்மாவுக்கு நெஞ்சுவலியா? ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் போடச் சொல்லியிருக்கீங்க. ஏதோ நம்பர் வரும், அதையும் அனுப்பச் சொல்லியிருக்கீங்க."

"நான் ஒண்ணும் அனுப்பலையே, தாயி."

"உங்க பேர்லதானே வந்திருக்கு?"

ஆவுடையப்பன் அடுக்களைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"அம்மா, நான் சொன்னா நம்பமாட்டேங்காங்க. நல்லா இருக்காங்கன்னா பேசச் சொல்லுங்கன்னு அழுறாங்க. இன்னிக்கு மௌனம்னு சொன்னா இன்னும் பயப்படுறாங்க."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"உமையா, மெய்யம்மை பேசுறேன். எனக்கு ஒண்ணுமில்லை, கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கேன். அந்த நம்பரை அனுப்பிறாதே."

ஆவுடையப்பன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, மௌனம்..."

"அடுத்த ஆளு யாரு? போடுங்க."

போனில் பதிந்திருந்த பெயர்களை அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தார். அம்மா பேசினார். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. யாரும் எழுந்து போகவில்லை. மூன்று பேர் அதற்குள் பணம் போட்டிருந்தார்கள். அவர்களிடம் அம்மா, "அழறதை அப்புறம் வச்சுக்கோங்க. முதல்ல சைபர் போலீஸ் நம்பர் 1930-க்குப் போன் போடுங்க, பிறகு பாங்குக்கு ஓடுங்க" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆவுடையப்பன் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"மடத்துப் பேரைக் கெடுத்தேன். உங்க மௌனத்தையும் கெடுத்தேன். இனி நான் இங்க இருக்கிறது சரியில்லைம்மா."

"கடைசி பஸ் போயிருச்சு. கண்டக்டருக்கு அதுகூடத் தெரியலையா? உட்காருங்க, சாப்பிடலாம்."

கருகின வாசனை போகாத சோற்றை அம்மா பரிமாறினார். ஆவுடையப்பன் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேளுங்க."

"குரு சொன்னா ஏன்னு கேக்கக் கூடாதுன்னுதானே கொடுத்தேன். பணிஞ்சது தப்பா?"

"பஸ்ல பாஸ்னு சொல்றவங்களை என்ன செய்வீங்க?"

"வாங்கிப் பாப்பேன். படம், தேதி, முத்திரை எல்லாம் பாப்பேன்."

"டிப்போ மேனேஜர் ஏறினா?"

"அவருகிட்டயும் கேட்டிருக்கேன். அவரு ஒரு மாசம் எனக்கு முகம் கொடுத்துப் பேசல."

"என் படத்தை ஒட்டிக்கிட்டு ஒருத்தன் ஏறியிருக்கான். அவனை மட்டும் ஓசியில கூட்டிட்டுப் போயிருக்கீங்க."

சிரிப்பு வரப் பார்த்தது. ஆவுடையப்பன் அடக்கிக்கொண்டார்.

"அது வேறம்மா. அவங்க பயணி. நீங்க குரு."

அம்மா இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார்.

மறுநாள், டவுனில் போன் கடை வைத்திருக்கும் பக்தர் ஒருவர் வந்து பார்த்தார். திருடன் உள்ளே தனியாக ரகசிய எண் வைத்து ஒரு பூட்டும் போட்டிருக்கிறான், ஏழு நாள் பொறுத்தால்தான் திரும்பத் திறக்கலாம் என்றார். குழு திரும்பக் கிடைக்கும் வரையாவது இருங்கள் என்று அம்மா சொன்னார். ஆவுடையப்பன் இருந்தார். பையைப் பிரிக்கவில்லை.

ஏழு நாளும் கழிந்தன. அடுத்த சனிக்கிழமை காலையில் அவர் முற்றத்தில் உட்கார்ந்து, கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி போனை அமுக்கினார். ஆறு இலக்கம் வந்தது.

அம்மா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வந்துருச்சா? என்ன நம்பர்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். எதிரே இருப்பது படம் இல்லை. சேலையில் மஞ்சள் கறையோடு அம்மாவேதான்.

"எதுக்கும்மா?"

"நான்தான் கேக்கேன். சொல்லுங்க."

அவர் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"சீக்கிரம், அண்ணாச்சி. அவசரம்."

"வேண்டாம்மா."

"குரு வார்த்தையைத் தட்டுறீங்களா?"

ஆவுடையப்பனின் கண் கலங்கிவிட்டது.

"தட்டுறேன்மா. இதை உங்களுக்கும் தரமாட்டேன்."

"எனக்குக் கோபம் வரும்."

"வரட்டும். மடத்தை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்."

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக அமுக்கினார். குழு திறந்தது. கடைக்காரர் சொன்னபடி தனக்கென்று ஒரு பூட்டும் போட்டார். அதற்கப்புறமும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"வந்து ஒன்பது வருஷமாச்சு. இன்னிக்குத்தான் என் பேச்சைக் கேட்டிருக்கீங்க, அண்ணாச்சி."