எங்க இருக்கு வீடு

சத்தியமா சொல்றேன், இதுல ஒத்த வார்த்தை பொய் கிடையாது. பொய்யா இருந்தா உங்க தாத்தா வழுக்கையில நாளைக்கே கொண்டை முளைக்கட்டும். சிரிக்காத, படு. முட்டியை மடக்கு, என் இடுப்புல இடிக்குது. "ம்" கொட்டணும், சரியா? கொட்டலைன்னா பாதியில நிறுத்திப்புடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு 'எங்க இருக்கு' வீடு இருந்துச்சு. அது என்ன பேருங்கிறியா? கேளு. அந்த வீட்டு அப்பன் பேரு தங்கப்பழம். பஸ் ஓட்டுறவன். மலை மேல எத்தனை வளைவு வந்தாலும் சர்ர்னு திருப்பிருவான், வீட்டுக்குள்ள வந்தா சொந்தச் சட்டை கிடக்கிற இடம் தெரியாது. மக தேன்மொழி, ரெண்டாங்கிளாஸு. மகன் முகிலு, பொடிப்பய. மூணு பேருக்கும் விடிஞ்சா ஒரே பாட்டு. செவ்வந்தி, சீப்பு எங்க இருக்கு? அம்மா, பென்சில் எங்க இருக்கு? அம்மா, என் இன்னொரு செருப்பு எங்க இருக்கு? செவ்வந்திதான் அம்மா. அவ குளிச்சிட்டிருந்தாலும் விட மாட்டாங்க, கதவை டொக்கு டொக்குன்னு தட்டிக் கேப்பாங்க. உன்னை மாதிரியேதான். ம்?

அப்போ செவ்வந்திக்குப் பொறந்தநாள் வந்துச்சு. தங்கப்பழம் பெரிய மனுசனாட்டம், சேலை வேணுமா கொலுசு வேணுமான்னு கேட்டான். அவ சொன்னா:

"ஒண்ணும் வேணாம். இன்னைக்கு ஒரு நாள் என்னை யாரும் 'எங்க இருக்கு'ன்னு கேக்கக் கூடாது. கேட்டீங்க, எங்கம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிருவேன். ஒரு வாரம் சுவத்தைக் கேட்டுக்கோங்க."

சொல்லிட்டுக் கட்டில்ல போய்க் காலை நீட்டிட்டா. தங்கப்பழம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு வாரமா? அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியும், அரிசி இருக்கிற இடம்தான் தெரியாது.

அப்புறம் மூணு பேரும் கேசரி கிண்டப் போனாங்க. சீனியைத் தேடுறாங்க. அடுப்படி டப்பா சங்கதிதான் உனக்குத் தெரியுமே, வெளியில ஒரு படம், உள்ள வேற சாமான். தங்கப்பழம் பிஸ்கட் டப்பாவை டப்புன்னு திறந்தான். அச்... அச்... அச்சூ, மிளகாப்பொடி. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தான். சலசலன்னு கடுகு உருண்டு ஓடுது. இன்னொண்ணுல வெள்ளையா இருந்துச்சு, அள்ளிக் கொட்டிட்டான். அது என்ன, சொல்லு பாப்போம். உப்பேதான். கட்டில்ல இருந்து செவ்வந்தி, ஏங்க, ஏதாவது வேணுமான்னு குழைஞ்சு குழைஞ்சு கேட்டா. ஒண்ணும் வேணாம் தாயீன்னான். மிளகாப்பொடி போன கண்ணுல தண்ணி கொட்டுது.

அப்புறம் மெழுகுவத்தி. தீப்பெட்டியைக் காணோம். சாமி படத்துக்குப் பின்னாடி கையை விட்டான், தொபுக்குன்னு ஒரு பல்லி விழுந்துச்சு. கத்தப் போனவன் வாயை மக பொத்திட்டா. கடைசில லைட்டரால அடுப்பைப் பத்த வெச்சு, மெழுகுவத்தியை அந்தத் தீயில காட்டினான். அது பத்திக்கிச்சு, ஆனா உருகி வளைஞ்சு அவனுக்கே ஒரு கும்பிடு போட்டுச்சு.

மூணாவதுதான் பெரிய சோதனை. முகிலுக்குத் தூக்கம் வந்துருச்சு. அவனுக்குன்னு ஒரு கிழிஞ்ச துண்டு, அது இல்லாம கண்ணு மூடாது. அழுதுகிட்டே கட்டிலைப் பார்த்துத் தத்தக்கா புத்தக்கான்னு ஓடினான். "அம்மா, என் துண்டு எங்..." அவ்வளவுதான், தேன்மொழி பாய்ஞ்சு ஒரு கை கேசரியை அவன் வாயில அப்பிட்டா. அத்தனையும் உப்பு. பய மூஞ்சி கோணிக்கிட்டுப் போச்சு, அழுகையும் நின்னுச்சு, தூக்கமும் பறந்துச்சு. என்னமோ கேட்ட மாதிரி இருந்துச்சேன்னா செவ்வந்தி. அது ஏப்பம்மான்னா மக.

தூங்கிட்டியா? ம். சரி, கேளு.

சாயங்காலம் எல்லாம் தயார். தட்டுல கேசரி, மேல திரும்பப் பத்த வெச்ச கூன் விழுந்த மெழுகுவத்தி. கூப்பிடப் போனா, கட்டில்ல ஆளைக் காணோம். குளியலறையில இல்ல, வாசல்ல இல்ல. முகிலு பீரோவுக்குள்ள கூடப் பார்த்தான். காணாமப் போறதை எல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கிற ஆளே காணோம்னா, யார்கிட்டடா போய்க் கேக்கிறது? கோவிச்சுக்கிட்டுப் பஸ் ஏறிட்டாளோன்னு தங்கப்பழம் வாசலுக்கும் உள்ளுக்குமா ஓடுறான். தன்னால வாய் திறந்துருச்சு.

"செவ்வந்தி, நீ எங்க இருக்க?"

மொட்டை மாடியில கொறுக்கு மொறுக்குன்னு சத்தம். அவ பாட்டுக்குத் தனியா உக்காந்து முறுக்கு தின்னுட்டிருக்கா. எட்டிப் பார்த்து, கேட்டுட்டீங்கல்ல, என் பையை எடுத்து வைங்கன்னா. தேன்மொழி இடுப்புல கையை வெச்சுக்கிட்டா.

"நீ 'எங்க இருக்கு'ன்னுதான கேக்கக் கூடாதுன்ன? அப்பா 'எங்க இருக்க'ன்னுல்ல கேட்டாரு. இருக்குன்னா சீப்பு. இருக்கன்னா நீ."

செவ்வந்தி மெல்லுறதை நிறுத்திட்டா. வாயில முறுக்கு அப்படியே நிக்குது. புருசன் பக்கம் திரும்பினா.

"எங்க, இன்னொரு தரம் கேளுங்க."

"நீ எங்க இருக்க?"

"இங்கதாங்க இருக்கேன்."

திடுதிடுன்னு படி இறங்கி வந்துட்டா. ஊருக்கும் போகல, ஒண்ணும் போகல. மெழுகுவத்தியை ஊதி அணைச்சா, கேசரியில ஒரு வாய் தின்னா, நல்லா இருக்குன்னா, அப்புறம் சொம்பு சொம்பா தண்ணி குடிச்சா.

கதையைக் கழுவிக் கவுத்தாச்சு, கண்ணை மூடு. ஏய், இரு இரு. கூலி யாரு குடுப்பா? தலகாணிக்கு அடியில கடலமிட்டாய் ஒளிச்சு வெச்சிருக்கல்ல, அதுல பாதியை இப்படித் தள்ளு. பெரிய பாதி.