உள்ளங்கையில் ஒரு நட்சத்திரம்

அந்தக் கலைக் கல்லூரியில் பெண்கள் விடுதியின் கேட்டை மாலை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள். பூட்டச் சொன்னவர் விடுதிப் பொறுப்பையும் பார்க்கிற பேராசிரியர் தில்லைநாயகம். வானியல் பாடம் எடுப்பவரும் அவர்தான். நட்சத்திரம் பார்க்கிற வகுப்பை ஏழு மணிக்கு வைத்த மகானும் அவரேதான்!

விடுதியில் தங்கி வரலாறு படிக்கிற, வானியலை விருப்பப் பாடமாக எடுத்த பெனிட்டாவால் ஒரு நாள்கூட அந்த ஏழு மணி வகுப்புக்குப் போக முடியவில்லை.

"நட்சத்திரமே பார்க்காதவளுக்கு எப்படிப் பாஸ் போடறது?" என்றார் அவர்.

"பகல்ல காட்டினா போடுவீங்களா சார்?"

"சூரியனும் நட்சத்திரம்தான்னு கை நீட்டிக் காட்டி ஏமாத்தப் பார்க்காதே. ஒரு நட்சத்திரத்தை என் கையில கொண்டுவந்து வை, போடறேன்."

மறுநாள் உச்சிவேளையில் பெனிட்டா அவரைப் புங்கமரத்தடிக்கு அழைத்துப் போனாள். வகுப்பே வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தது. நிழலெங்கும் வெளிச்ச வட்டங்கள், குளத்தில் மிதக்கிற பூக்கள் மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

"கையை நீட்டுங்க சார்."

நீட்டினார். உள்ளங்கையில் ஒரு வட்டம் வந்து உட்கார்ந்தது.

"இது இலைச் சந்துல விழற வெளிச்சம்!"

"சந்தெல்லாம் கோணல்மாணலா இருக்கே, வெளிச்சம் மட்டும் ஏன் சார் வட்டமா விழுது? சின்னத் துளை வழியா விழறது சூரியனோட பிம்பம்னு பகல் பாடத்துல முதல் நாளே நீங்கதானே சொன்னீங்க?"

தில்லைநாயகம் சட்டென்று கையை மூடினார். நட்சத்திரம் முஷ்டியின் மேல் ஏறிக்கொண்டது. அவர் வழுக்கையிலும் தோளிலும் இன்னும் பல மிதந்தன.

"நான் ஒண்ணுதானே கேட்டேன்," என்றார், குரல் இறங்கி.

"கவலைப்படாதீங்க சார். ஆறு மணிக்கு எல்லாம் உள்ள போயிடும். கேட்டைப் பூட்டிடுவாங்களே!"