அலகு குத்துற மருதவீரனும் டாக்டரம்மாவோட குட்டி ஊசியும்

ஒரு ஊர்ல ஒரு மருதவீரன். பேரே எப்படி இருக்கு பாரு! ரைஸ் மில்லுல மூட்டை தூக்குற ஆளு. நெல்லு மூட்டையைத் தூக்கி வீசினான்னா லாரி மேல 'தொம்'முனு போய் உக்காரும். மீசை இந்தக் காதுலேருந்து அந்தக் காது வரைக்கும். ம் கொட்டுடா. நீ ம் கொட்டினாத்தான் கதை நகரும். இல்லேன்னா அவன் மூட்டையைத் தூக்கிக்கிட்டு அப்படியே நிப்பான், பாவம்.

“ம்.”

ஆங். முதல்ல பெரியம்மா வயித்து மேலேருந்து காலை எடு. சொல்றேன்.

அந்த ஊர் மாரியம்மன் கோயில்ல வருஷா வருஷம் பங்குனியில திருவிழா. மருதவீரன் கன்னத்துல அலகு குத்திக்குவான். போன வருஷம் நம்ம தெருவுல பாத்துட்டு என் முந்தானைக்குள்ள மூஞ்சியை ஒளிச்சுக்கிட்டியே, அதேதான். வேல் மாதிரி நீளக் கம்பி. பம்பை அடிப்பாங்க, டண்டணக்கு டண்டணக்கு டண்டணக்கு... பூசாரி மாசிலாமணி வந்து இவன் தோளைப் புடிச்சுக்குவாரு. “இப்போ!”ம்பாரு. சரக்! இவன் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டான். “மருதவீரனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுப்பா”ன்னு ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டா அவனுக்கு மீசை இன்னும் கொஞ்சம் மேல ஏறும்.

அப்புறம் ஒரு வருஷம் அவன் பொண்ணு அல்லிக்கு அம்மை போட்டுருச்சு. உன் வயசுதான் அவளுக்கும். புள்ளை வேப்பிலை மேல சுருண்டு கிடக்குது, கஞ்சி இறங்கல. அப்பன்காரன் கோயில் வாசல்ல போயி விழுந்தான். “தாயே, என் புள்ளையை எழுப்பி விடு. இந்த வருஷம் ரெட்டை அலகு குத்திக்கிட்டு வரேன்.” அல்லி எழுந்துட்டா. எழுந்து முதல் வேலையா அப்பளம் கேட்டா.

அப்போ திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. எல்லாம் நல்லாத்தானே போவுது? அதுதான் இல்ல. மருதவீரனுக்குக் கடவாப்பல்லு வலி! விண்ணு விண்ணுனு தெறிக்குது. கிராம்பு வெச்சான். உப்புத் தண்ணியைக் கொளகொளன்னு கொப்புளிச்சான். ஒண்ணும் கேக்கல. காலையில பாத்தா கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு.

பூசாரி மாசிலாமணி பாத்தாரு. “வீங்கின கன்னத்துல அலகு போட மாட்டேன்டா. சீழ் வெச்சுடும். டாக்டர்கிட்டப் பல்லைக் காட்டிச் சரி பண்ணிக்கிட்டு வா. இல்லேன்னா இந்த வருஷம் உனக்கு அலகு கிடையாது.”

மருதவீரனுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. புள்ளைக்காக வேண்டிக்கிட்டது! அதைச் செய்யாம விட்டா அவன் அந்தக் கோயில் வாசலை எப்படித் தாண்டுவான்?

சரின்னு கிளம்பினான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நிலோபர்னு ஒரு பல் டாக்டரம்மா. சின்ன வயசு, மெல்லிசான குரலு. இவன் வாசல்ல செருப்பைக் கழட்டினான். உள்ளேருந்து ஒரு சத்தம், ங்ஙீஈஈஈ... ட்ர்ர்ர்ர்ர்! அவ்வளவுதான். கழட்டின செருப்பை மறுபடி மாட்டிக்கிட்டான். சீட்டு குடுக்குற பொண்ணு, “யாருக்குண்ணே பல்லு?”ன்னு கேட்டா.

“பல்லா? எனக்கு... இல்லம்மா. இங்க கறிக்கடை எங்க இருக்கு?”

“எதிர்த்தாப்புல.”

விறுவிறுன்னு கறிக்கடைக்குப் போயி ஆட்டுக்கறி வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டான். அவன் சம்சாரம் செங்கமலம் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்னா. “டாக்டரு என்ன சொன்னாங்க?”

“ஊர்ல இல்லையாம்.”

“கறி திங்கச் சொன்னாங்களாக்கும்?”

ஏன் சிரிக்கிற? தூங்கத்தானே கதை சொல்றேன், சிரிக்கவா? ம் கொட்டு.

“ம்.”

மறுநாள் செங்கமலமே கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. இந்தத் தடவை நாற்காலி வரைக்கும் போயிட்டான். உஸ்ஸ்ஸுனு நாற்காலி பின்னால சாயுது. பளிச்சுனு லைட்டு மூஞ்சில அடிக்குது. ஏசி வேற, ஜில்லுனு இருக்கு. டாக்டரம்மா மாஸ்க்கால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு, குட்டிக் கண்ணாடியை வாய்க்குள்ள விட்டுப் பாத்தாங்க. “பல்லு சொத்தை ஆயிடுச்சுண்ணே. எடுத்துடணும். முதல்ல வீக்கம் வத்த மாத்திரை தரேன். எடுக்குற அன்னிக்கு இந்த ஊசியைப் போட்டுட்டா வலியே தெரியாது.” தட்டுலேருந்து எடுத்துக் காட்டினாங்க, கிளிங்!

குட்டி ஊசி. மருதவீரன் அதைப் பாத்தான். அது இவனைப் பாத்துச்சு.

“ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்”னான். பின்பக்கமாப் போயி சுவர் ஏறிக் குதிச்சான். வேட்டி கம்பியில மாட்டிக்கிச்சு. டர்ர்ருனு கிழிஞ்சுச்சு. கிழிஞ்சா கிழியட்டும்னு கம்பி நீட்டிட்டான்! செங்கமலம் உள்ள உக்காந்து வெகுநேரம் காத்துக்கிட்டு இருந்துட்டு, மாத்திரையை வாங்கிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு வீடு வந்து சேர்ந்தா.

மாத்திரை போட்டதுல வீக்கம் வத்துச்சு, வலியும் போச்சு. “பாத்தியா, சரியாயிடுச்சு”ன்னு மீசையை முறுக்கினான். மாத்திரை தீந்துச்சோ இல்லையோ, விண்ணு! பழையபடி ஆரம்பிச்சுடுச்சு.

அதுக்கு நடுவுல இன்னொண்ணு. சுவர் ஏறிக் குதிச்சவன் செருப்பை வாசல்லயே விட்டுட்டு வந்துட்டான்ல? புதுச் செருப்பு. டாக்டரம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சு சாயங்காலமா பூனை மாதிரி வந்தான். பாத்தா அவங்க படியில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க.

“செருப்பு பத்திரமா இருக்குண்ணே. உக்காருங்க, டீ சொல்றேன்.”

ஓட முடியல. வெக்கமாப் போச்சு. உக்காந்தான்.

“உங்க சம்சாரம் சொன்னாங்க. கன்னத்துல அவ்வளவு நீளக் கம்பி குத்திக்கிறீங்களாமே? என் ஊசி அதுல நுனி அளவு கூட இல்லையே, இதுக்குப் போய் ஏன் பயம்?” கேலி இல்ல, நெசமாத்தான் கேட்டாங்க.

மருதவீரன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு யோசிச்சான். அதுவரைக்கும் அவனை யாருமே அப்படிக் கேட்டதில்ல. “அங்க நான் தனியா இல்லீங்களே. பூசாரி தோளைப் புடிச்சுக்குவாரு. குத்துறதுக்கு முன்னால இப்போன்னு சொல்லுவாரு. பம்பை அடிக்கும், ஊரே ஓம் சக்தி பராசக்தின்னு கத்தும், நானும் சேந்து கத்துவேன். இங்க ஒரு சத்தம் இல்ல. குளிருது. உங்க மூஞ்சியும் தெரியல. எப்ப என்ன நடக்கும்னே தெரியல தாயி. எனக்கு... பயமா இருக்கு.”

சொல்லிட்டான்! மீசை வெச்ச நாள்லேருந்து அந்த வார்த்தையை அவன் சொன்னதே கிடையாது. சொன்னதும் ஒண்ணும் இடிஞ்சு விழல. டீதான் கொஞ்சம் ஆறிப் போச்சு.

டாக்டரம்மா சொன்னாங்க, “அப்போ அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. நானும் ஒவ்வொண்ணும் செய்யறதுக்கு முன்னால சொல்றேன். முடியலைன்னா கையைத் தூக்குங்க, அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்.”

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கூட்டிக்கிட்டு வரணும்னா என்ன பண்ணணும்? பூசாரிகிட்டப் போயி, பயமா இருக்குன்னு சொல்லணும்! பயமே தெரியாத மருதவீரன்! விஷயம் ஊருக்குத் தெரிஞ்சா மானம் கப்பலேறிடாதா? கோயிலுக்குப் போனான், திரும்பி வந்தான். மறுபடி போனான், திரும்பி வந்தான். அல்லி வாசல்ல பாண்டி ஆடிக்கிட்டு இருந்தா. “அப்பா, ரெட்டை அலகு எனக்காகத்தானே? நான் உன் பக்கத்துலயே நிப்பேன்”னா. அவ்வளவுதான். நேராப் போயி பூசாரி முன்னாடி நின்னுட்டான்.

“சாமி, பல் டாக்டர்கிட்டப் போக எனக்குப் பயமா இருக்கு. நீங்க கூட வரணும்.”

மாசிலாமணி சிரிக்கல. அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. தாடையைத் தடவிக்கிட்டாரு. “நானா? நான் எதுக்குடா அங்க... கோயில் வேலை கிடக்கு...” இவன் கண்ணுல தண்ணி நிக்கிறதைப் பாத்தாரு. “சரி சரி, வரேன்”னாரு.

தூங்கிட்டியா?

“ம்ஹூம்.”

அப்போ கேளு. மறுபடி மாத்திரை போட்டு, வீக்கம் நல்லா வத்தினதும் ஒரு மத்தியானம் கிளம்பினாங்க பாரு! முன்னால பம்பை, டண்டணக்கு டண்டணக்கு. நடுவுல மருதவீரன், பக்கத்துல பூசாரி, பின்னால செங்கமலம், அல்லி, மில்லுல மூட்டை தூக்குற ஆளுங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்தவங்க ஏதோ சாமி புறப்பாடுன்னு நெனச்சு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. டீக்கடைக்காரன் ஓடி வந்து ஆஸ்பத்திரி வாசல்ல சூடம் கொளுத்திட்டான்!

டாக்டரம்மா வெளிய வந்தாங்க. “பம்பை வாசலோட நிக்கட்டும். மெதுவா அடிங்க. உள்ள ஒரு ஆளு போதும்.”

பூசாரி உள்ள போனாரு. மருதவீரன் நாற்காலியில சாஞ்சான். உஸ்ஸ்ஸ்! பூசாரி தோளை இறுக்கிப் புடிச்சாரு. வாசல்ல பம்பை மெல்லமா, டண்... டணக்கு... டண்... டணக்கு...

“முதல்ல மருந்து தடவறேன், மரத்துப் போகும்”னாங்க டாக்டரம்மா. தடவினாங்க. “அடுத்தது ஊசி.” மருதவீரன் கையைத் தூக்கிட்டான்! அவங்க உடனே நிறுத்திட்டாங்க. மூச்சு விட்டான். மறுபடி ஊசி வந்துச்சு, மறுபடி கை போச்சு மேல. நிறுத்திட்டாங்க. மூணாவது வாட்டி கை பாதி தூரம் போச்சு, அப்புறம் தானே இறங்கிடுச்சு. நிறுத்துறாங்களே, சொன்ன சொல் தவறலையே!

பூசாரி சொன்னாரு, “இப்போ!”

சுருக். எறும்பு கடிச்ச மாதிரி. அவ்வளவுதான். அப்புறம் பாதி மூஞ்சியைக் காணோம், மரத்துப் போச்சு. அப்புறம் ஒரு ஆட்டு, ஒரு அசைப்பு, கரக் கரக்... டக்! தட்டுல விழுந்துச்சு பல்லு.

ரத்தம் வந்துச்சாவா? வந்துச்சு, கொஞ்சமா. பஞ்சு வெச்சு கடிச்சுக்கச் சொன்னாங்க. இவன் பஞ்சைக் கடிச்சுக்கிட்டு, உதடு வேற மரத்துப் போயி, சந்தோஷத்துல கத்தினான், “ஓம் தத்தி! பரா தத்தி!” வெளிய இருந்தவங்க எல்லாம் பதிலுக்குக் கத்தினாங்க. பேசாம பஞ்சைக் கடிங்கன்னு டாக்டரம்மா ஒரு அதட்டு போட்டாங்க.

எல்லாரும் குதிக்கிறாங்க. பூசாரியைக் காணோம்! பாத்தா நாற்காலிக்குப் பின்னால சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. தலையெல்லாம் வேர்வை. டாக்டரம்மா கிட்டப் போனாங்க.

“சாமி, நீங்க ஏன் தாடையைப் புடிச்சுக்கிட்டே இருக்கீங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

“வாயைத் திறங்க.”

“வேணாம்மா.”

ஊர்ல பாதிப் பேரு கன்னத்துல அலகு குத்தி விட்ட மனுஷன்! எத்தனையோ வருஷமா ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருந்திருக்காரு. யார்கிட்டயும் சொல்லல.

மருதவீரன் பாத்தான். அவனுக்குச் சிரிப்பு வரல. நாற்காலியைக் கையால ரெண்டு தட்டு தட்டினான். பூசாரி மெதுவா வந்து உக்காந்தாரு. இவன் பின்னால போயி நின்னு, ரெண்டு கையாலயும் அவரு தோளை இறுக்கிப் புடிச்சுக்கிட்டான். வாசல்ல பம்பை மறுபடி ஆரம்பிச்சுது, டண்... டணக்கு...

அப்புறம் பங்குனி வந்துச்சு. புண்ணெல்லாம் நல்லா ஆறிடுச்சுன்னு டாக்டரம்மாவே பாத்துச் சொல்லிட்டாங்க. திருவிழா அன்னிக்கு மஞ்சத் துணி கட்டிக்கிட்டு ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க. எல்லாருக்கும் முன்னால மருதவீரன், பக்கத்துல சொன்ன மாதிரியே அல்லி. ஊரே மூச்சைப் புடிச்சுக்கிட்டு பாக்குது. மாசிலாமணி அலகைக் கையில எடுத்தாரு. என்னைக்கும் இல்லாம ஒரு கேள்வி கேட்டாரு.

“பயமா இருக்காடா?”

மருதவீரன் பொண்ணைப் பாத்தான், ஊரைப் பாத்தான். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான், “ஆமா சாமி. கொஞ்சம்.”

அப்போ வரிசையில பின்னால நின்ன ஒருத்தன், “எனக்கும்தாண்ணே”ன்னான். அவனுக்குப் பின்னால ஒருத்தன், “எனக்கும்”னான். இன்னொருத்தன் ஹப்பாடான்னு பெருமூச்சு விட்டான். அல்லி எட்டி அப்பன் சுண்டு விரலைப் புடிச்சுக்கிட்டா.

“இப்போ!”ன்னா அவதான், பூசாரிக்கு முன்னாலயே.

கதை ஆடி ஓடி வீடு வந்து சேர்ந்தாச்சு. கண்ணை மூடு. என் கையை வேணா புடிச்சுக்கோ. தூங்குடா தங்கம், தூங்கு.